உலக்கை வேண்டாத சாப்பாடு

ஒரு தை மாதத்துக் காலையில் இருசாயி சாமை குத்திக்கொண்டிருந்தாள். பாதி குத்தியிருந்தபோது உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மூச்சு வாங்குகிறதாக்கும், கொஞ்சம் ஆறிவிட்டு எழுந்திருப்பாள் என்று அவள் புருஷன் சுப்பையன் நினைத்தான். மாடுகளை அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பசியோடு திரும்பினால் அவள் அதே இடத்தில் இருந்தாள். பாதி உமி நீங்கிய சாமையைக் கோழிகள் கிளறித் தின்றுகொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விரட்டவில்லை.

"என்ன புள்ளே, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"பொறவு ஏன் இப்படிக் குந்தியிருக்கே?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "தெரியலீங்க. உலக்கையைத் தூக்கலாம்னு பார்த்தா கை எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள்.

சுப்பையன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். சூடு இல்லை, வீக்கம் இல்லை. மடக்கச் சொன்னான், மடக்கினாள். நீட்டச் சொன்னான், நீட்டினாள். அன்று சாயங்காலம் அதே கையால் சுனையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பானை கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது அது.

மலைமேல், தேவனூர் நாட்டில் பதினெட்டு வீடுகள் கொண்ட சிற்றூர் அவர்களுடையது. சுப்பையனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. சரிவில் மூன்று துண்டு நிலம். இரண்டில் சாமை, ஒன்றில் ராகி, வரப்போரம் அவரையும் வாழையும். வீட்டுக்குப் பின்னால் நாலு பலா மரங்கள். அவற்றைத் தாண்டி, விளையாட்டாக ஊன்றிய குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், கொஞ்சம். பிறந்த பிள்ளைகள் நாலில் தங்கியது ஒன்றே ஒன்று, முனியாயி. அவளையும் போன வைகாசியில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்தான்.

மலையில் ஒரு வேளைச் சோறு என்பது லேசான காரியம் இல்லை. சாமை அரிசி தானாக வந்து பானையில் விழுந்துவிடாது. வெயிலில் காயவைக்க வேண்டும். உரலில் போட்டுக் குத்த வேண்டும். முறத்தில் புடைத்து, மறுபடி போட்டுக் குத்தி, மறுபடி புடைத்து, கல் பார்த்து எடுத்தால்தான் உலையில் போட முடியும். விடியற்காலையில் ஊர் முழுக்க உலக்கைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காத வீட்டில் இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இருசாயி எட்டு வயதில் உலக்கை பிடித்தவள். அவள் புடைத்த அரிசியில் ஒரு பொட்டுத் தவிடு பார்க்க முடியாது என்று மாமியார்க்காரியே சொன்னதுண்டு. அந்தக் கிழவி யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை.

முதல் பத்து நாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி தன் வீட்டுக்குக் குத்தும்போதே இவர்களுக்கும் ஒரு பிடி சேர்த்துக் குத்திக் கொடுத்தாள். பாப்பாயிக்கு ஐந்து பிள்ளைகள், படுக்கையில் கிடக்கிற மாமனார் வேறு. பதினோராம் நாள் அவள் வாசலில் வந்து நின்று, புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "நான் என்னுங்க பண்ணட்டும், எனக்கும் ரெண்டு கைதானுங்களே" என்றாள். சுப்பையனுக்குத்தான் வெட்கமாக இருந்தது. "நீ இத்தனை நாள் செஞ்சதே பெருசு தாயி" என்று சொல்லி அனுப்பினான்.

சுப்பையனுக்குச் சமைக்கவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கோயில் நோம்பித் திருவிழாவில் கிடாய் வெட்டினால் உரிப்பதும் அவன்தான், அண்டாவில் கறி வேகவைப்பதும் அவன்தான். நூறு பேருக்கு உப்புப் பார்த்துப் போடுவான். சாமிக்கு ஆண்கள் ஆக்கலாம், அது பெருமை. தன் வீட்டு அடுப்பில் தன் பெண்டாட்டிக்கு ஆக்குவதற்கு அந்த ஊரில் பெயரே கிடையாது. அதனால் முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புப் பற்றவைத்தான். புகை போக வழியில்லாமல் இருமல் வந்து, இருமல் சத்தம் கேட்டுப் பாப்பாயியின் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டன.

பின்னால் போய் ஒரு கிழங்குச் செடியைப் பிடுங்கினான். குத்த வேண்டியதில்லை, புடைக்க வேண்டியதில்லை. தோலைச் சீவித் துண்டு போட்டு வேகவைத்தால் ஆயிற்று. பானையில் போட்டுத் தட்டை வைத்து மூடி வேகவைத்தான். உப்பும் காந்தாரி மிளகாயும் நசுக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தின்றார்கள். ஒரு நாழிகை போகவில்லை, இருசாயிக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. அவனுக்கும் கண்ணை இருட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த பாப்பாயி பானையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கசப்புக் கிழங்குங்க இது! மூடி வேகவெக்கலாமுங்களா? தொறந்து வெச்சு வேகவெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டோணும்."

இருசாயி வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன புள்ளே?" என்றான் சுப்பையன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். அவனைப் பார்த்தாள். வேண்டுமென்று சொல்லாமல் இருந்தவளின் பார்வையாக அது தெரியவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவளை மேலே நின்று ஒருவன் என்னவோ கேட்கிறான், அவள் குரல் மேலே எட்டவில்லை, அப்படி இருந்தது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மகளைப் பிரிந்த ஏக்கம் என்றாள் ஒருத்தி. சுனையில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. உழைக்க வலிக்கிறது, அவ்வளவுதான் என்று இளசுகள் சொல்லிச் சிரித்தன. பூசாரி வந்து கோழி சுற்றிப் போட்டு, கையில் கயிறு கட்டினார். வைத்தியர் முடவாட்டுக்கால் கிழங்கைச் சூப்பு வைத்துக் கொடுக்கச் சொன்னார். இருசாயி எல்லாவற்றுக்கும் உட்பட்டாள். குடி என்றால் குடித்தாள். விழுந்து கும்பிடு என்றால் விழுந்தாள். எழுந்திரு என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பங்குனியில் அவளைக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். விடியுமுன் கிளம்பி, காட்டுப் பாதையில் பேளுக்குறிச்சிக்கு இறங்கி, அங்கிருந்து பஸ். டாக்டர் பொறுமையானவர். நாக்கைப் பார்த்தார், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"பசிக்குதாம்மா?"

"தெரியலீங்க."

"தூக்கம் வருதா?"

"படுத்தா படுத்திருக்கேனுங்க."

டாக்டர் சுப்பையன் பக்கம் திரும்பினார். "பெருசா ஒண்ணும் இல்லைய்யா. ரத்தம் கொஞ்சம் கம்மி. டானிக் எழுதித் தர்றேன். கீரை, முட்டை எல்லாம் நல்லா சமைச்சுச் சாப்பிடச் சொல்லு, சரியாப் போயிடும்."

சுப்பையன் தலையை ஆட்டினான். யார் சமைப்பது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சிவப்பு டானிக்கை மடியில் கட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். பாதி வழியில் ஒரு பாறையில் இருசாயி உட்கார்ந்தாள். "என்னை இங்கேயே உட்டுட்டுப் போயிருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விறகுச் சுமை கனத்தால் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது போலச் சொன்னாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் தாழ்ந்ததும் அவளாகவே எழுந்து நடந்தாள்.

அதற்குப் பிறகு காரணம் தேடுவதை அவன் விட்டுவிட்டான். வயிற்றுக்கு வழி தேடுவதே பெரும்பாடாக இருந்தது. காட்டு வேலையும் பார்த்து, மாடும் பார்த்து, வந்து அடுப்பிலும் நிற்க ஒரு ஆளால் ஆகவில்லை. எதை ஆக்கினால் அடுப்பில் குறைந்த நேரம் நிற்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தான். ராகியைத் திருகையில் அரைத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் கூழ் காய்ச்சினால் மூன்று நாளைக்கு வரும். நாள் ஆக ஆகப் புளிக்கும், புளிப்பேற ஏறத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். பச்சை அவரையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து உரித்துத் தின்றால் அதற்குக் குழம்பு வேண்டாம். ராகி மாவை வெறும் சட்டியில் வறுத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசைந்தால் காட்டுக்கும் எடுத்துப் போகலாம். கருவாட்டைத் தணலில் நேராகப் போட்டுச் சுட்டுக்கொள்ளலாம். ஆனியிலும் ஆடியிலும் பலா இருந்தது. பழத்தைப் பிளந்து வைத்துவிட்டால் இரண்டு வேளைக்கு அடுப்பு மூட்டவே வேண்டாம். கொட்டையைச் சாம்பலில் புதைத்தால் அது மூன்றாவது வேளை. பலா தீர்ந்த ஆவணியில்தான் திண்டாடிப் போனான்.

இதையெல்லாம் இருசாயி மறுத்துப் பேசாமல் தின்றாள். நாலு வாய், ஐந்து வாய். "உப்பு சரியா இருக்குதா புள்ளே?" என்று அவன் கேட்பான். "இருக்குதுங்க" என்பாள். உப்பே போடாத ஒரு நாளும் அதையேதான் சொன்னாள்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் பொரி விற்கிற பொன்னம்மாள் என்று ஒரு அம்மாள் உண்டு. கீழ்நாட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும், கை ஓயாமல் அளந்துகொண்டே வாயும் ஓயாது. வாழைத்தாரும் அவரையும் சுமந்து இறங்குகிற வாரங்களில் சுப்பையன் அவளிடம் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்க ஆரம்பித்தான். பொரியைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் அதுவும் ஒரு சாப்பாடுதானே. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ பொன்னம்மாள் கேட்டாள்.

"ஏனுங்க, நோம்பியுமில்ல நொடியுமில்ல, வாரா வாரம் இத்தனை பொரி வாங்கறீங்களே. ஊட்டுல சோறாக்க ஆளில்லீங்களா?"

"இல்லீங்க" என்றான். அது பொய்யில்லை.

"அடடா. எத்தனை நாளாச்சுங்க?"

"தை மாசத்துல இருந்துங்க."

பொன்னம்மாள் படியைக் கீழே வைத்துவிட்டாள். "போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க வயித்தைக் காயப்போட்டா ஆகுமுங்களா?" என்று சொல்லி, இரண்டு கையாலும் அள்ளி அவன் துண்டில் கூடுதலாகப் பொரி போட்டாள். அப்போதுதான் அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பது அவனுக்கு உறைத்தது. இல்லைங்க, அவ இருக்கறாளுங்க என்று சொல்ல வாயெடுத்தான். இருக்கிறாள் என்றால் ஏன் ஆக்குவதில்லை என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது? எட்டு மாதமாக அவனுக்கே தெரியாததைச் சந்தையில் நின்று எப்படிச் சொல்வது? பேசாமல் மூட்டையைக் கட்டினான்.

அவள் விடவில்லை. "புளியைக் கரைச்சு, வெங்காயமும் மொளகாயும் கையிலயே நசுக்கிப் போட்டு உப்புப் போட்டுக்குங்க. பச்சைப்புளி ரசம். அடுப்பே வேண்டியதில்ல. ஆம்பளைக்கு அதுதான் லேசு" என்றாள்.

அன்று ஏறி வரும்போது தலைச்சுமை லேசாகத்தான் இருந்தது. இருந்தும் இரண்டு மடங்கு இடத்தில் நின்று நின்று வந்தான். வீட்டில் புளியைக் கரைத்து, பொன்னம்மாள் சொன்னது போலவே செய்து, வெந்த கிழங்கை அதில் தோய்த்து இருசாயிக்குக் கொடுத்தான். அவள் அன்றைக்கு எட்டு வாய் தின்றாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவளைச் செத்தவளாக்கி வாங்கி வந்த கைப்பக்குவம் அது.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தக் கார்த்திகையில் இருசாயியின் அண்ணன் பழனிமுத்து சந்தைக்குக் கூட வந்தான். பொன்னம்மாள் அவனிடமே, "இவருக்கு ஒறவுக்காரருங்களா? பொண்டாட்டி இல்லாத மனுசன், இப்படி எளச்சுப் போயிட்டாரே, நீங்க எல்லாம் பார்க்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பழனிமுத்து சுமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.  சுப்பையன் பின்னால் வந்தான். முன்னால் போகிறவனின் கால் பதிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. மேலே வந்து, ஊர் தெரிகிற இடத்தில் பழனிமுத்து சுமையை இறக்கினான்.

"மாப்ளே, அவ உசுரோட இருக்கையில செத்துட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியறது நல்லால்லே."

"நான் அப்படிச் சொல்லலீங்க மச்சான். அந்தம்மா நெனச்சுக்கிச்சு. இல்லேன்னு சொல்ல எனக்குத் தெம்பில்லாமப் போச்சு."

பழனிமுத்து வெகுநேரம் வெற்றிலையை மென்றான். "குத்தம் உம்மேல இல்ல மாப்ளே. எங்க பொண்ணு உனக்குச் சோறாக்கலே, கொறை எங்களுது. நானே சொல்றேன், இன்னொருத்தியைக் கட்டிக்க. அந்தண்டை மேட்டு ஊர்ல அத்தாயின்னு ஒருத்தி இருக்கறா. புருசன் போயி ரெண்டு வருசம் ஆச்சு. நல்ல வேலைக்காரி. இவளையும் ஒரு மூலையில வெச்சுக் கஞ்சி ஊத்துவா."

 சுப்பையனுக்குச் சரி என்று சொல்ல மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் நியாயம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் பழனிமுத்து வந்து துண்டை எடு என்றபோது எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அத்தாயி முப்பத்தைந்து வயதுக்காரி. வாசலைச் சாணி தெளித்து மெழுகியிருந்தாள். வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம் என்று சொல்லிவிட்டு இலை போட்டாள். சுடச்சுடச் சாமைச் சோறு. பூப்பூவாக உதிர்ந்தது. மேலே அவரைக்குழம்பு, மிளகு தட்டிப் போட்டது. ஓரத்தில் கீரை. சுப்பையன் முதல் வாய் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழம்பின் காரம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். இப்படிச் சோறு தின்று பத்து மாதம் ஆகியிருந்தது. கூச்சப்பட்டுக் கொஞ்சமாகத் தின்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். கை கேட்கவில்லை. மூன்று தடவை வாங்கித் தின்றான். வயிறு நிறைய நிறைய உடம்புக்கு ஒரு சந்தோசம் வந்தது. அவன் அனுமதி கேட்காமல் வந்த அந்தச் சந்தோசத்தைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. வீட்டில் நேற்றுக் காய்ச்சிய கூழ் இருக்கிறது. அதை இருசாயி ஊற்றிக் குடித்திருப்பாளா, தெரியவில்லை.

இலையை எடுத்த பிறகு அத்தாயி தூணில் சாய்ந்து நின்றாள். பழனிமுத்து ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என்னைய ஊட்டுக்குக் கூப்பிடறீங்களா, உரலுக்குக் கூப்பிடறீங்களா?"

பழனிமுத்து சிரித்து மழுப்பினான். சுப்பையனால் சிரிக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். நல்ல முகம். கெட்ட எண்ணம் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தெரியலீங்க" என்றான். இருசாயி சொல்கிற அதே வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான்.

"தெரிஞ்சதுக்குப் பொறவு வாங்க" என்றாள் அத்தாயி.

அவன் வீட்டுக்கு வந்தபோது பொழுது இருந்தது. இருசாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கூழ்ச்சட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கே போய் வந்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரில் எது தெரியாமல் இருக்கும்?

"சோறு போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாங்க."

"சாமையா?"

"ஆமா."

"தவிடு இருந்துச்சுங்களா?"

சுப்பையன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல புள்ளே. நல்லாப் பொடச்சிருந்தா."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். இன்னொருத்தியின் வேலையை நல்ல வேலை என்று ஒப்புக்கொள்கிற தலையாட்டல். "கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமுங்களே" என்றாள்.

"நீ என்ன பண்ணுவே?"

"நான் என்ன பண்ண? இப்ப என்ன பண்றேனோ அதைத்தான்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபப்படலாம் என்று பார்த்தான், வரவில்லை. அழலாம் என்று பார்த்தான், அதுவும் வரவில்லை.  கொஞ்ச நேரம் கழித்துக் கூழில் தண்ணீர் விட்டுக் கரைத்து அவளுக்கு ஒரு வட்டில் கொடுத்தான். தனக்கும் ஒரு வட்டில் ஊற்றிக்கொண்டான். பசி இல்லாமலே குடித்தான்.

அத்தாயி வீட்டுப் பக்கம் அவன் மறுபடி போகவில்லை. பெரிய வைராக்கியம் எதுவும் அதில் கிடையாது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தால் போயிருப்பான். கிடைக்கவில்லை. அடுத்த மாசியில் அவள் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அந்த வருஷம் முனியாயி தலைப்பிரசவத்துக்கு இருந்தாள். பிரசவம் தாய்வீட்டில்தான். சம்பந்தியம்மாள் ஆள் அனுப்பினாள்: "அங்க வந்தா எம் மருமவளுக்கு யாரு ஆக்கிப் போடறது? இங்கேயே இருக்கட்டும்." சுப்பையன் தானே நடந்துபோய், சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, "நான் போடறேனுங்க" என்றான். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நின்ற இடத்தை விட்டு அவன் நகரவில்லை. மகளை அழைத்துக்கொண்டுதான் வந்தான்.

பாப்பாயிதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்குக் கிழங்கும் புளித்த கூழும் கொடுக்க முடியாது. சுப்பையன் விடியற்காலையில் எழுந்து, வாசலில், ஊரே பார்க்க, உலக்கையைப் பிடித்தான். மற்ற வீடுகளில் உலக்கைச் சத்தம் ஒரே சீராக விழும். அவனுடையது நொண்டி நடப்பது போல விழுந்தது. பாதி அரிசி நொய்யாகிவிடும். புடைக்கத் தெரியாமல் அரிசியும் உமியும் சேர்ந்து பறக்கும். போகிற வருகிற பெண்கள் முதல் இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி நின்று, முறத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் புடைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனாள். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தான். முனியாயி வாயில் தட்டுப்பட்ட உமியை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுத் தின்றாள்.

"அம்மாவுக்கு என்னதாம்ப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தெரியலை கண்ணு. தெரிஞ்சா பண்ண மாட்டனா?"

இருசாயி அந்தக் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. குளிப்பாட்டக் கொடுத்தால் குளிப்பாட்டினாள். துணி மாற்றினாள். குழந்தை அவளைப் பார்த்தால் அவளும் பார்த்தாள். இதோ சரியாகிவிட்டது என்று சுப்பையன் பலமுறை நினைத்தான். குழந்தையை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் அடுப்பைப் பாரு புள்ளே" என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தான். அவள் எழுந்து அடுப்பு வரைக்கும் போனாள். துடுப்பைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே நின்றாள். உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் மகள் பக்கம் திரும்பி, "ஒரு வேளைச் சோறு உனக்கு ஆக்கிப் போட முடியலை பாரு சாமி" என்று சொல்லிவிட்டு, துடுப்போடு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது சுப்பையன் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அணைந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

நாற்பது நாள் ஆனதும் முனியாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீடு பழையபடி ஆயிற்று.

வைகாசி மழைக்குச் சாமை விதைக்க வேண்டும். சுப்பையன் விதைக் கூடையை எடுத்து வாசலில் வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தான். மறுநாள் கூடையை உள்ளே வைத்துவிட்டு, கிழங்குக் குச்சிகளை வெட்டிக் கட்டுக் கட்டாகச் சுமந்துபோய், இரண்டு சாமைத் துண்டுகளிலும் ஊன்றினான். கசப்பில்லாத கிழங்காகப் பார்த்து, நாலு ஊர் அலைந்து குச்சி சேர்த்திருந்தான். சாமையை விட்டுவிட்டுக் கிழங்கு ஊன்றுகிறானே, புத்தி பிசகிவிட்டதா என்று ஊரில் கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் கூப்பிட்டுக்கூட விசாரித்தார். "இதுல வேலை கம்மிங்க" என்று மட்டும் சொன்னான்.

நாலைந்து வருஷத்தில் ரோடு வந்தது. ரோடு வந்த கொஞ்ச நாளில், கீழே ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு வேண்டும் என்று லாரி மேலே வர ஆரம்பித்தது. கிழங்கை நிறைய வைத்திருந்தவன் அந்தப் பக்கத்தில் சுப்பையன் ஒருவன்தான். அதுவரை சிரித்தவர்கள் அவன் காட்டுக்கு வந்து குச்சி கேட்டார்கள். இல்லை என்று யாருக்கும் சொல்லவில்லை. பழனிமுத்து அவன் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன் மாப்ளே நீ. லாரி வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

லாரிக்காரன் ஹாரன் அடித்து, மூட்டை ஏற்ற ஆள் கூப்பிட்டான். சுப்பையன் மேற்கே பார்த்தான். பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. காலையில் இருசாயி ஒரு வாயோடு வட்டிலை வைத்துவிட்டாள்.

"நீங்க பார்த்து ஏத்தி உடுங்க மச்சான்" என்றான். "நான் போயி அவளுக்கு எதையாச்சும் வேகவெக்கறேன்."